எந்த ரசம்?

சித்த மருந்துச் செய்முறைகளைப் புரட்டியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் பழக்கமானது. ஓரிடத்தில் எலுமிச்சம்பழ ரசம் விட்டு அரைக்கச் சொல்லியிருக்கும். சற்றுத் தள்ளி, ரசம் இத்தனை பலம், கந்தகம் அத்தனை பலம் என்று எடைக்கணக்கு வரும். முதல் ரசம் பழத்தைப் பிழிந்தால் வருவது. இரண்டாவது, தண்ணீரைப்போலப் பதின்மூன்றரை மடங்கு கனமான உலோகம், பாதரசம். படிப்பவர் வைத்தியர் என்றால் சிக்கலில்லை. கந்தகத்தோடு ஜோடி சேர்ந்து நிற்பதைப் பார்த்ததுமே எந்த ரசம் என்று தெரிந்துவிடும். ஆனால் வீட்டுப் பேச்சாக மட்டும் தமிழைப் பழகியவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால் அவர் மனத்தில் முதலில் வருவது மிளகும் சீரகமும்தான்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நின்று இதை யோசிப்பதற்குக் காரணம் உண்டு. தேக்கா சந்தையிலிருந்து பெருமாள் கோயில் வரை நடக்கிற தூரத்துக்குள் இந்த ஒரு சொல் அத்தனை வேடம் கட்டுகிறது. 1947-இல் தொடங்கிய கோமள விலாஸில் அது சாப்பாட்டோடு வருகிறது. இனிப்புக் கடையில் ரசகுல்லா, ரசமலாய். பழச்சாறு விற்பவர் பலகையில் பழரசம். சாமான் கடையில் ரசமட்டம். பழைய அலமாரிக் கண்ணாடியைத் தள்ளிவிடப் பார்ப்பவரிடம், ரசம் போன கண்ணாடியை எவன் வாங்குவான் என்கிறார் கடைக்காரர். ஸ்டார்லைட் சாலையில், 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் நுண்கலைக் கழகத்தில், பிள்ளைகள் நவரசம் பழகுகிறார்கள். இவற்றுக்குள் உறவு உண்டா, அல்லது ஒரே பெயர் வைத்துக்கொண்ட அந்நியர்களா என்பதுதான் கேள்வி. உறவு உண்டு என்பது என் முடிவு. அந்த உறவு சில இடங்களில் அழகாகவும் ஓரிடத்தில் ஆபத்தாகவும் இருக்கிறது என்பதையே இங்கே காட்ட முயல்கிறேன்.

வடமொழியில் ரசம் என்றால் முதலில் சாறு: தாவரத்துக்குள் ஓடுவது, பிழிந்தால் வருவது, ஒன்றின் உள்ளே இருந்துகொண்டே அதிலிருந்து பிரித்தெடுக்கக்கூடியது. அங்கிருந்து சுவை, சுவையிலிருந்து இன்பம், திரவமாக ஓடுவதால் பாதரசம் என்று பொருள் கிளைத்தது. தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லாமலில்லை. சாறு இருந்தது, சாரம் இருந்தது, சுவை இருந்தது. சங்கப் பாடல்களில் சாறு என்பதற்குத் திருவிழா என்றும் பொருள் உண்டு. பொங்கலுக்கு விளக்கலங்காரம் செய்த சிராங்கூன் சாலையில் கரும்பு விற்கும்போது இரண்டு பொருளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இருந்தாலும் ரசம் வந்து குடியேறியது. குடியேறியபின் சொந்தமாகக் காரியங்கள் செய்யத் தொடங்கியது.

ரசமட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தெருக்களை நிறைக்கும் தமிழகத் தொழிலாளர்களில் கட்டட வேலை பார்ப்பவர்களுக்கு அது கைக்கருவி. அலுமினியச் சட்டம், நடுவில் சற்றே வளைந்த குழாய், அதற்குள் பச்சையோ மஞ்சளோ நிறமேற்றிய திரவம், இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்க வேண்டிய ஒரு குமிழி. அந்தத் திரவம் பெரும்பாலும் ஆல்கஹால். தண்ணீரைவிட அதில் குமிழி தயங்காமல் நகரும். பாதரசத்தை அடைத்திருந்தால் குமிழியைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் பாதரசத்துக்குள் ஒளி போகாது. ஆக, ரசமட்டத்தில் இருப்பது பழைய பொருளிலான ரசம்: வெறும் திரவம்.

கண்ணாடியின் கதை நேர்மாறு. அங்கே உண்மையிலேயே பாதரசம் இருந்தது. வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் தகரத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பி, அந்தக் கலவையைக் கண்ணாடியின் முதுகில் ஒட்டவைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குக் கைநடுக்கமும் பல் ஆட்டமும் சாதாரணம். 1835-இல் யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியை நேரடியாகக் கண்ணாடியில் படியவைக்கும் வழியைக் கண்டார். அதன்பின் பாதரசக் கண்ணாடி மெல்ல ஒழிந்தது. நூறாண்டுக்கும் மேலாக நம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பாதரசம் கிடையாது. ஆனாலும் போவது இன்றைக்கும் ரசம்தான். வெள்ளி போய்விட்டது என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை.

இரத்த அழுத்தமும் இப்படித்தான். மருந்தகத்தில் தாதி சொல்லும் நூற்றிருபதுக்கு எண்பது என்ற கணக்கின் அலகு பாதரச மில்லிமீட்டர். 1640களில் டோரிசெல்லி என்ற அறிவியலாளர், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தபோது அது ஏறக்குறைய 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கிப் பிடித்தது காற்றின் எடை. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி கையில் கட்டும் பட்டையையும் பாதரசத் தம்பத்தையும் இணைத்தார். இன்று கருவி மின்னணுவில் ஓடுகிறது, உள்ளே ஒரு துளி பாதரசம் இல்லை. எண் மட்டும் பாதரசத்தின் உயரத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுக்களைக்கு வருவோம். மிளகுத்தண்ணி என்ற பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் எடுத்துப்போய் முல்லிகட்டானி ஆக்கினார்கள். அதில் இறைச்சியும் போட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். வைணவர் வீடுகளில் சாத்தமுது, ஆந்திரத்தில் சாரு, கன்னடத்தில் சாறு. பிழிவது, கரைப்பது, தெளிவது என்ற பொருள்தான் எல்லாவற்றிலும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அது வருமுன் புளியும் மிளகும் போதுமாயிருந்தன. ரசம் வைக்கத் தெரிந்தவர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருப்பார்கள்: நுரைகூடி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. காரணம் வேதியியல். மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதித்தால் மணம் வீட்டுக்குப் போய்விடும், கிண்ணத்தில் புளித்தண்ணீர் மிஞ்சும்.

இந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சித்த மருத்துவம் ஒன்று சொல்கிறது, ஆய்வுக்கூடம் இன்னொன்று சொல்கிறது. சித்த மருத்துவத்துக்குச் சுவை ஆறு, ஒவ்வொன்றும் ஐம்பூதங்களில் இரண்டின் சேர்க்கை. புளிப்பு மண்ணும் தீயும். கார்ப்பு காற்றும் தீயும். அந்தக் கணக்குப்படி ஒரு கிண்ணம் ரசத்தில் தீ இரண்டு முறை வருகிறது, சளிக்கு ரசம் கொடுப்பதற்கு இதையே நியாயமாகச் சொல்வார்கள். ஆய்வுக்கூடக் கணக்கில் அடிப்படைச் சுவை ஐந்து. ஐந்தாவதான உமாமியை 1908-இல் ஜப்பானியர் கிக்குனே இக்கேடா பிரித்துக் காட்டினார். அந்தப் பட்டியலில் காரத்துக்கு இடமில்லை. மிளகாயின் காரத்தை நாவில் உள்ள சுவைமொட்டுகள் உணர்வதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புமுனைகளே உணர்கின்றன. அதற்கான ஏற்பியை அடையாளம் கண்டதற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகின் காரமும் அதே வாசல்வழி வருவதுதான். நாம் கார்ப்புச் சுவை என்பதை உடம்பு சூடு என்றே படிக்கிறது. தீ என்று சொன்ன பழைய கணக்கு இங்கே அவ்வளவு தவறிப்போகவில்லை என்று ஒரு சித்த மருத்துவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டு மீதிக் கணக்கு எல்லாமே சரி என்று அவர் அடுத்த படி ஏறினால் மறுப்பேன்.

இன்னொரு விஷயம். சாப்பிட்டது செரித்து உடம்பில் முதலில் ஆவது எது என்ற கேள்விக்கு ஆயுர்வேதம் தரும் விடை ரசம். ஏழு தாதுக்களில் அதுதான் முதலாவது. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் அதே இடத்தில் நிற்பது சாரம். சித்தர் மரபில் ரசம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தது.

அந்த வேலைக்குப் போகுமுன் மேடையைப் பார்த்துவிடலாம். கலையில் ரசம் என்ற கருத்துக்கு மூலநூல் நாட்டிய சாஸ்திரம். அதன் ஆறாம் அத்தியாயத்தில் ரசம் என்றால் என்ன என்ற கேள்வி எழுகிறது. அழகு, உணர்ச்சி, தெய்விகம் என்று பதில் தொடங்கியிருந்தால் வியப்பில்லை. ஆனால் நூலாசிரியர் பரதர் தொடங்குவது சமையலில். பலவகைக் குழம்புகளும் மூலிகைகளும் வெல்லம் முதலிய பொருள்களும் சேர்ந்து ஒரு பானகச் சுவை உண்டாவதைப்போல, பல பாவங்கள் சேர்ந்து ரசம் உண்டாகிறது என்கிறார். நல்ல மனத்தோடு உண்பவர் சுவைத்து மகிழ்வதைப்போலப் பார்ப்பவர் மகிழ்கிறார். அதாவது இன்று நாட்டியப் பள்ளியில் பேசப்படும் ரசத்துக்கும் எதிர்த்தெரு உணவகத்தில் ஊற்றப்படும் ரசத்துக்கும் உறவு இருப்பது பிற்காலத்தவர் கட்டிய ஜோடனை அல்ல. கோட்பாடு பிறந்த இடத்திலேயே அடுப்பு இருக்கிறது. மூலிகையும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கருத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. வெல்லத்தில் அந்தப் பானகத்தின் சுவை இல்லை, மூலிகையிலும் இல்லை. சேர்ந்த பிறகே அது பிறக்கிறது. சரி, பிறப்பது எங்கே? பாத்திரத்திலா, நாக்கிலா? நூற்றாண்டுக்கணக்கில் இதன்மேல் சண்டை நடந்தது. கதாபாத்திரத்திடம் என்றார்கள், நடிகரிடம் என்றார்கள், பார்ப்பவர் ஊகிப்பது என்றார்கள். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த காஷ்மீரத்து அபிநவகுப்தர் அதைப் பார்ப்பவர் உள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பரதரின் எட்டோடு ஒன்பதாவதாகச் சாந்தத்தைச் சேர்த்து நிலைநாட்டிய பெருமையும் அவருக்குத்தான்.

தமிழ் இதைத் தன் வழியில் அணுகியது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டு; ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். மெய்ப்பாடு என்ற சொல்லின் அழுத்தம் உடம்பின்மேல்: உள்ளே எழுந்தது மெய்யில் தோன்றுவது. தண்டியலங்காரம் அதே எட்டுக்குச் சுவை என்று பெயரிட்டது. பரத நாட்டியத்தோடு திரும்பி வந்த நவரசம் இரண்டையும் ஓரந்தள்ளியது. இது ஓர் இழப்பு என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு ஒன்பது முகபாவம் சொல்லித்தரும்போது உண்மையில் சொல்லித்தரப்படுவது மெய்ப்பாடு. ரசம் சொல்லித்தரக்கூடியதே அல்ல, அது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குள் நடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு நல்ல சோதனை நடந்திருக்கிறது. கே.பி. பாஸ்கர் 1952-இல் நாட்டியப் பள்ளி தொடங்கினார். அவரை மணந்து 1955-இல் கேரளத்திலிருந்து வந்த சாந்தா பாஸ்கர், 1958-இல் லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்ற சீனக் காதலர் கதையைப் பரத நாட்டியத்தில் அமைத்தார். வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள் கதை சீனப் பார்வையாளர்களுக்கு மனப்பாடம், முத்திரை மொழி அந்நியம். தமிழ்ப் பார்வையாளர்களுக்கு நேர்மாறு. ஒரே மேடை, பாதிப் பொருள் இல்லாத இரண்டு கூட்டம், இருவருக்கும் சிருங்காரமும் சோகமும் சென்று சேர வேண்டும். ரசம் பார்ப்பவரிடம் பிறக்கிறது என்ற காஷ்மீரத்து வாதத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது. சாந்தா பாஸ்கருக்கு 1990-இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கலாக்ஷேத்திரத்தில் பயின்று இலங்கை வழியாக 1974-இல் இங்கே வந்து, 1977-இல் கணவர் சத்தியலிங்கத்தோடு அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கிய நீலா சத்தியலிங்கத்துக்கு அதற்கு முந்திய ஆண்டே கிடைத்துவிட்டது. சென்னையில் ருக்மிணி தேவி சிருங்காரத்தைப் பக்தியின் பக்கம் திருப்பியதும், பாலசரஸ்வதி சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று விடாமல் நின்றதும் பலர் அறிந்த கதை. அந்தச் சண்டையின் இரு பக்கக் காற்றும் கடல் தாண்டி இங்கேயும் அடித்தது.

அலங்கார சாஸ்திரத்திலிருந்து தெருவுக்கு இறங்கிவந்த சொற்கள் தனிக் கதை. ரசத்தைப்போலத் தோன்றி ரசமாகாமல் போவதற்கு வடமொழிக் காவிய இலக்கணத்தில் ரசாபாசம் என்று பெயர். தகாத இடத்தில் காட்டப்படும் காதல் அதற்கு உதாரணம். தமிழில் அது கூட்டத்தில் நாற்காலி வீசிக்கொள்வதற்குப் பெயராகிவிட்டது. விரசம் ஆபாசமானது, சரசம் சல்லாபமானது. ரசிகர் மன்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வட்டத்தொட்டியில் கம்பனை வாய்விட்டுப் படித்து அனுபவித்த காலத்தில் ரசிகர் என்றால் பாற்குடம் தூக்குபவர் அல்ல. இவற்றில் மிகத் தூரம் பயணம் செய்தது சமரசம். யோகியின் ஒருமைநிலையைக் குறித்த அந்தச் சொல்லை 1865-இல் வள்ளலார் தம் சங்கத்தின் பெயரில் வைத்தார். இன்று தொழிற்சங்கமும் நிர்வாகமும் எட்டுவது சமரசம். அடுக்குமாடி வீட்டில் மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்காக நடுவர்முன் போய் உட்காருவதும் சமரசத்துக்குத்தான்.

இங்கே பக்கத்து மொழியை ஒரு கணம் கேட்க வேண்டும். மலாய் மொழியும் இதே சொல்லை வாங்கியது, ஆனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. ரசா என்றால் சுவை, உணர்வு. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பாடும் ரசா சாயாங் பாட்டில் இருப்பது அதுதான். நாக்கில் படுவதற்கும் மனத்தில் படுவதற்கும் அங்கே ஒரே சொல், வித்தியாசமே கிடையாது. பாதரசத்துக்கு மட்டும் ராக்சா என்று தனி வடிவம். நடுவில் ஒரு மெய்யெழுத்தைச் செருகி, குடிக்கக்கூடியதையும் குடிக்கக்கூடாததையும் விலக்கி வைத்துவிட்டார்கள். தமிழில் பாத என்ற முன்னொட்டு அந்த வேலையைச் செய்கிறது என்றாலும், மருந்து ஏடுகளில் அது அடிக்கடி உதிர்ந்து வெறும் ரசமாகவே நிற்கிறது.

ஏனென்றால் அங்கே அதுதான் தலைவன். சித்த மரபில் ரசம் சிவ அம்சம், கந்தகம் சக்தி அம்சம். இரண்டும் சேர்வதுதான் மருந்தின் பிறப்பு. பஞ்சசூதம் என்று ஐந்து: ரசம், லிங்கம், வீரம், பூரம், ரசசெந்தூரம். இன்றைய பெயர்களில் லிங்கம் என்பது பாதரச சல்பைடு, வீரம் பாதரசக் குளோரைடுகளில் கொடியது, பூரம் அதன் சாதுவான தம்பி. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தில் ரசேசுவர தரிசனம் என்று பாதரசத்தை மையமாகக் கொண்ட ஒரு தத்துவமே தனி அத்தியாயம் பெற்றிருக்கிறது. உடம்பை அழியாததாக்கினால்தான் முக்தி, உடம்பை அழியாததாக்குவது ரசம் என்பது அதன் சாரம். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான ரசாயனம் அப்போது வேதியியலைக் குறிக்கவில்லை, முதுமையைத் தள்ளிப்போடும் மருத்துவத்தைக் குறித்தது.

ரசசெந்தூரம் செய்யும் முறையை அருகிலிருந்து பார்த்தால் இந்த மரபின் கைத்திறனை மறுக்க முடியாது. முதலில் சுத்தி: பாதரசத்தைச் செங்கல்தூளோடு அரைத்து, மஞ்சள்தூளோடு அரைத்து, கழுவி, குப்பைமேனிச் சாற்றில் காய்ச்சுவார்கள். பிறகு கந்தகத்தோடு கல்வத்தில் இட்டு, வெள்ளித்துளி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரைத்தால் மைபோன்ற கரும்பொடி வரும். அதைச் சீலைமண் பூசிய கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மணல் நிரப்பிய பாண்டத்துக்குள் புதைத்து, சிறுதீ, நடுத்தீ, பெருந்தீ என்று படிப்படியாக எரிப்பார்கள். குப்பியின் அடியில் இருந்த கருப்பு ஆவியாகி, கழுத்தில் சிவப்பாகப் படியும். குப்பி ஆறியபின் உடைத்து எடுக்கிறார்கள். கருப்பும் சிவப்பும் ஒரே சேர்மம்தான், பாதரச சல்பைடு. படிக அமைப்பு மாறியதால் நிறம் மாறியது. பதங்கமாதல் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அதைத்தான் மணல்பாண்டத்தில் செய்திருக்கிறார்கள்.

இந்த நூல்களை முறையாகப் படித்து, 1902-இல் இந்து வேதியியலின் வரலாற்றை முதல் தொகுதியாக வெளியிட்டவர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய். அவருக்குப் பெயர் வாங்கித்தந்த கண்டுபிடிப்பு, அதற்குச் சில ஆண்டுகள் முன் அவர் தயாரித்த மெர்க்குரஸ் நைட்ரைட், பாதரசச் சேர்மம். அவரிடம் இரண்டு மரபும் ஒரே மேசைமேல் இருந்தன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவர் ரசம் என்று எழுத முடியாது. இரசாயனவியலுக்குத் தேவை ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு பொருள்.

தமிழில் அந்தப் பெயரைத் தேடியவர்களின் கதை வேடிக்கையானது. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875-இல் வெளியிட்ட நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர் வைத்தார். இலங்கை பிறகு இரசாயனவியலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்நாடு, ரசாயனம் வடசொல் என்று வேதியியலுக்கு மாறியது. ஆனால் வேதித்தல், வேதை என்பவை சித்தர் பாஷையில் இரும்பையும் செம்பையும் பொன்னாக்கும் வித்தைக்குப் பெயர்! ரசவாதத்தை முன்வாசலில் துரத்தி, கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறோம். கெமிஸ்ட்ரியும் அரபியர்களின் அல்கிமியாவிலிருந்து வந்ததுதான் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இந்தப் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு எந்தத் தமிழ்ப்பெயரும் பரீட்சைக்கு வராது. அவர்களுக்கு ரசம் என்றால் பாட்டி வைப்பது, அவ்வளவுதான்.

அதனால்தான் மருந்துப் புட்டி என்னை உறுத்துகிறது. கலையில் இந்தச் சொல்லின் பல பொருள்கள் ஒன்றையொன்று வளர்த்தன. அறிவியல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மேலே போனது. மருத்துவத்தில் மட்டும் இரண்டும் நடக்கவில்லை. 2004-இல் போஸ்டன் வட்டாரத்தில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளை ஆய்வு செய்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அந்தக் கடைகள் பெரும்பாலும் சிராங்கூனில் நாம் பார்க்கும் கடைகளைப் போன்றவை: அரிசி, பருப்பு, ஊதுவத்தி, ஓர் அலமாரி மருந்து. 2008-இல் அதே குழுவினர் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அப்படி. ரச மருந்து வகையில் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

சித்த, ஆயுர்வேத மருத்துவர்களின் பதிலையும் கேட்க வேண்டும். எங்கள் மருந்தில் இருப்பது சல்பைடு, அது தண்ணீரில் கரையாது, குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. ஜப்பானின் மினமாட்டாவில் மீன்வழி வந்து ஆளைக் கொன்ற மெத்தில் பாதரசத்தோடு இதை ஒப்பிடாதீர்கள் என்கிறார்கள். வேதியியல்படி இது சரி. வடிவம் மாறினால் நஞ்சின் வீரியம் மாறும். ஆனால் வாங்குபவருக்குப் புட்டியின்மேல் எந்த வடிவம் என்று எழுதியிருக்கிறதா? அரைத்தவர் எத்தனை நாழிகை அரைத்தார், கழுத்தில் படிந்ததை மட்டும் எடுத்தாரா, அடியில் நின்றதையும் சுரண்டினாரா என்பது யாருக்குத் தெரியும்? கைத்திறனை நம்பிய மருந்து, செய்தவரும் உண்டவரும் ஒரே ஊரில் இருந்த காலத்துக்குரியது. கப்பலேறி வந்த மருந்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சிங்கப்பூரில் மரபு மருத்துவம் செய்பவர்களில் சட்டப்படி பதிவு முறை இருப்பது சீன மரபு மருத்துவர்களுக்கு மட்டுமே, இந்திய மரபு மருத்துவர்களுக்கு இல்லை. மருந்துக்கு வரம்பு உண்டு: சுகாதார அறிவியல் ஆணையம் மரபு மருந்துகளில் அனுமதிக்கும் பாதரசம் பத்து லட்சம் பங்கில் 0.5 பங்கு. ரசசெந்தூரமா, சீன மருந்துக் கடைகளின் சூஷா என்னும் லிங்கமா, எந்தச் சாஸ்திரம், யார் சுத்தி செய்தது என்று அந்த எண் விசாரிப்பதில்லை. முரட்டுத்தனமான அளவுகோல் என்று மரபு மருத்துவர்கள் குறைப்படுவது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பெயர் இவ்வளவு வழுக்கும்போது எண்ணைப் பிடித்துக்கொள்வதே நியாயம்.

சுத்தி செய்யாத பாதரசம் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய உடல்வெப்பமானி ஆலை, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமானபின் 2001-இல் மூடப்பட்டது. ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனமும் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரும் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. அதையும் செய்தித்தாள்கள் சமரசம் என்றுதான் எழுத முடியும்.

மினமாட்டாவின் பெயராலேயே 2013-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2017-இல் சேர்ந்தது. மின்கலம், விளக்கு, வெப்பமானி, அழுத்தமானி என்று பாதரசம் சேர்த்த பொருள்களைப் படிப்படியாக ஒழிப்பது அதன் வேலை. அதன் இணைப்புப் பட்டியலில் ஒரு விலக்கு இருக்கிறது: மரபுவழி அல்லது சமயச் சடங்குகளில் பயன்படும் பொருள்கள். பாதரசத்தைக் கட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் ரசலிங்கமும் ரசமணியும் இந்த வரிக்குள் பத்திரமாக உட்கார்ந்துவிடுகின்றன. பாதரசம் உறைவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 39 பாகையில். சிங்கப்பூரின் முப்பது பாகைச் சூட்டில் கெட்டியாக, உருண்டையாக ஒரு மணி விற்கிறார்கள் என்றால், அதில் வேறு உலோகம் கலந்திருக்க வேண்டும், அல்லது அதில் பாதரசமே இல்லாதிருக்க வேண்டும். எது என்று கடைக்காரரைக் கேட்கலாம். சொல்லுக்குப் பதில் சோதனைச் சான்றைக் கேட்பது இன்னும் நல்லது. மாலையாகக் கழுத்தில் கிடக்கும்வரை அது சமயப்பொருள். ஆனால் அதை இரவு பாலில் போட்டு ஊறவைத்துக் காலையில் அந்தப் பாலைக் குடிக்கும் வழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. அப்போது அது சடங்கா, மருந்தா, உணவா என்று எந்த அதிகாரி எந்தக் கோப்பில் எழுதுவார் என்பது சுவையான சட்டக் கேள்வி. வழக்கறிஞர்கள் அதைத் தீர்த்து வைக்கும்வரை அந்தப் பாலைக் குடிக்க வேண்டாம்.